ஆளை எடைபோடும் வரிசை



முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடாதே என்று எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். அது நடக்கிற காரியமல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸும் தொதொரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டியதே போதுமானதாக இருந்தது. இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று பார்த்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். கூடுதல் நேரம் தந்தும் அந்தத் தீர்மானம் பெரிதாக மாறவில்லை. அதன்மேல் அவர்களுக்கிருந்த உறுதிதான் கூடியது. ஆகவே முதல் எண்ணத்தை ஒழிப்பது பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு எந்த இடத்தில் பேச்சுரிமை தருவது என்பதே என் கேள்வி.

ஆளை எடைபோடுவது பற்றிய உளவியல் ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர், வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சாலமன் ஆஷ். 1946இல் அவர் வெளியிட்ட சோதனையில், அறிவாளி, உழைப்பாளி, உறுதியானவர் என ஆறு குணங்களை இரு குழுவினருக்கும் பொதுவாக வாசித்தார்கள். இடையில் ஒரு குழுவுக்குக் ‘கனிவானவர்’ என்றும் மற்றதற்குக் ‘கனிவற்றவர்’ என்றும் ஒரு சொல் மட்டும் மாறியது. முதல் குழுவில் பத்துக்கு ஒன்பது பேர், அந்த ஆள் தாராள மனமுடையவர் என்றார்கள். இரண்டாவதில் பத்துக்கு ஒருவர்தான். வேறொரு சோதனையில் சொற்களை மாற்றவே இல்லை, வரிசையைத்தான் தலைகீழாக்கினார். அறிவும் உழைப்பும் முன்னால் வந்தபோது அதே ஆள் சிறு குறைகளுள்ள திறமைசாலி. பொறாமையும் பிடிவாதமும் முன்னால் வந்தபோது குறைகளால் கெட்டுப்போனவர். முதலில் வந்த சொல் பின்னால் வரும் சொற்களின் பொருளையே திருப்பிவிடுகிறது என்றார் ஆஷ். உழைப்பாளியிடம் பிடிவாதம் கொள்கைப் பிடிப்பாகத் தெரிகிறது. பொறாமைக்காரரிடம் வீம்பாகத் தெரிகிறது.

காகிதத்தில் உள்ள சொற்களை வைத்துச் சொன்னது ரத்தமும் சதையுமான மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உளவியலாளர் ஹரால்டு கெல்லி 1950இல் இதற்கு விடை தந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. வகுப்பொன்றுக்கு வந்த புதிய விரிவுரையாளரைப் பற்றி மாணவர்களிடம் முன்கூட்டியே குறிப்புத் தாள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் ‘கனிவானவர்’, மீதிப் பேருக்குக் ‘கனிவற்றவர்’. ஒரே அறை, ஒரே ஆள், ஒரே பேச்சு. கனிவானவர் என்று படித்தவர்களில் 56 விழுக்காட்டினர் கலந்துரையாடலில் வாய் திறந்தார்கள். மற்றவர்களில் 32 விழுக்காட்டினரே. மதிப்பீடு நம் நடத்தையை மாற்றுகிறது. அந்த நடத்தைக்கு ஏற்பவே எதிராளியும் நம்மிடம் நடந்துகொள்வார். பிறகு ‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்கிறோம்.

அப்படியானால் உள்ளுணர்வைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? அனுபவசாலிகள் இங்கேதான் சினம் கொள்வார்கள். அப்படிச் சினந்தவர்களை உளவியலாளர் டேனியல் கானமன் 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் சந்தித்தார். படையில் சேர வருபவரை நேர்கண்டு, மொத்தத்தில் இவர் எப்படி என்று சொல்வது அங்கு வழக்கம். அந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கவில்லை. அப்போது இருபத்தோரு வயதுதான் ஆகியிருந்த கானமன், பொறுப்புணர்வு, பழகும் தன்மை போன்ற ஆறு குணங்களைப் பிரித்து, ஒன்றை விசாரித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போகச் சொன்னார். எங்களை யந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். சரி, ஆறையும் முடித்தபின் கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராவார் என்று ஊகித்து அதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். புதிய முறை பழையதைவிட நன்றாகப் பலித்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சளைக்கவில்லை. உள்ளுணர்வு கெட்டதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அது முந்திக்கொண்டபோதுதான் கெடுத்தது.

இதை நம் தேர்வுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். நம் நாட்டில் 2016 சனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் அஞ்சி எடுத்த முடிவு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியரையும் ஆய்வு மாணவரையும் நேரில் பாராமல் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே தேர்வுக்குழுவினர் ஒருவரோடொருவர் பேசுமுன் தனித்தனியே, குணம் குணமாக மதிப்பெண் எழுதலாம். செலவில்லாத ஏற்பாடு, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

விடைத்தாள் திருத்துவோருக்கும் இது பொருந்தும். ஒரு மாணவரின் தாளை முழுதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், கட்டிலுள்ள எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகலாம். கானமன் பிற்காலத்தில் தாமே அப்படிச் செய்து பார்த்தார். ஒரே மாணவரின் ஒரு விடைக்கு நல்ல மதிப்பெண்ணும் அடுத்ததற்குக் குறைந்த மதிப்பெண்ணுமாக விழுந்தன. முன்பு எல்லாம் ஒத்துப்போனதற்குக் காரணம் மாணவரல்ல, முதல் விடைக்குத் தாம் போட்ட மதிப்பெண்தான் என்று அவருக்குப் புரிந்தது.