கப்பல் கூலியும் ஏழை நாடும்

கடைத்தெருவிலே பண்டத்தின் விலை ஏறினால் கடைக்காரரைக் கடிந்து கொள்கிறோம். அந்த விலைக்குள்ளே கப்பல் கூலியும் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எடைக்கணக்கிலே, உலக வாணிபச் சரக்கில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியாகவே செல்கிறது. ஆகவே கப்பல் கூலி முதலாளியின் பேரேட்டுக் கணக்கு மட்டுமன்று. குடிசையின் அடுப்பங்கரைக் கணக்குமாகும்.

இரும்புத்தாது, நிலக்கரி, தானியம் ஆகியவற்றைச் சுமக்கும் கப்பல்களின் கூலி நிலவரத்தை இலண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்சின் குறியீட்டெண் காட்டுகிறது. 2008 மே 20ஆம் நாள் அது 11,793. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் 663! இந்த வீழ்ச்சிக்கு ஏழு திங்கள்கூட ஆகவில்லை.

ஏன் ஏறிற்று? சீனத்து உருக்காலைகள் பிரேசில், ஆஸ்திரேலியத் தாதுவை வாரி விழுங்கின. கப்பல் போதவில்லை. கப்பலோ கேட்டவுடன் கிடைக்கும் பண்டமன்று; கட்டி முடிக்க ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே தேவை சிறிது மிஞ்சினாலும் கூலி பன்மடங்கு துள்ளும்.

ஏன் வீழ்ந்தது? சரிவு தொடங்கியிருந்த வேளையிலே, செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. வங்கியை வங்கி நம்பவில்லை, கடனுறுதிக் கடிதம் கிடைப்பது அரிதாயிற்று, வாணிபம் முடங்கிற்று. செழித்த நாளிலே கட்டச் சொன்ன கப்பல்களோ, தேவை குன்றிய நாளிலே வரிசையாக நீரில் இறங்கின. 2016 பிப்ரவரியில் குறியீட்டெண் 290 வரை தாழ்ந்தது. பெட்டகக் கப்பல் தொழிலிலும் அதே நிலை. அவ்வாண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் ஹன்ஜின் நிறுவனம் நொடித்தது. அதன் கப்பல்கள் பல, துறைமுகம் புக வழியின்றி, சரக்கோடும் மாலுமிகளோடும் கடலிலே காத்து நின்றன.

கூலி இறங்கினால் ஏழைக்கு நன்மைதானே என்று வினவலாம். இறங்கும்போது மாலுமியின் பிழைப்பு ஆடுகிறது. ஏறும்போது யார் வயிற்றிலே அடி விழுகிறது? ஐக்கிய நாடுகளின் வாணிப வளர்ச்சி மாநாடு 2021இல் கணக்கிட்டது: அன்றைய பெட்டகக் கூலி உயர்வு நீடித்தால், 2023க்குள் உலகில் நுகர்வோர் விலை 1.5 விழுக்காடு உயரும். சிறு தீவு நாடுகளிலோ 7.5 விழுக்காடு! கடல் ஒன்றுதான், சுமை மட்டும் ஐந்து மடங்கு.

கூலியைத் தீர்மானிப்போர் ஓரிடம், கொடுப்போர் வேறிடம். கப்பலும் இல்லாமல், பேரம் பேசும் வலிவும் இல்லாமல் இருக்கும் நாடு, கேட்டதைக் கொடுத்தே தீரவேண்டும். அந்நாடுகள் ஒன்றுகூடிச் சரக்கைச் சேர்த்துப் பேரம் பேசட்டும். நெடுநாள் ஒப்பந்தம் கோரட்டும். அடுத்த முறை விலை ஏறும்போது, கடைக்காரரைக் கடியுமுன், கடலையும் சற்றே நோக்குங்கள், தோழர்களே!