படுகளமும் எட்டு அடித் தடமும்

போன வாரம் ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பர், கன்னடக்காரர், என் போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு மிரண்டுட்டார். மண்ணுல செஞ்ச ஒரு பெரிய உருவம் தரையில மல்லாந்து கிடக்கு. சுத்தி நிக்கிற பொம்பளைங்க அதைத் துடைப்பத்தால அடிக்கிறாங்க. "யார் இவன், என்ன தப்பு பண்ணான்?"னு கேட்டார். "துரியோதனன்"னேன். "ஓ, தாயாதி கலகமா!"ன்னு சிரிச்சார்.

அந்த ஒரு வார்த்தையில இருந்துதான் இந்த எபிசோட். தமிழ்ல பங்காளிச் சண்டை, கன்னடத்துலயும் தெலுங்குலயும் தாயாதிச் சண்டை. எனக்கு மூணுமே பழக்கம். குருபரப்பள்ளியில எங்க வீட்டுல பேசுறது தெலுங்கு, படிச்சது தமிழ், சம்பளம் வர்றது பெங்களூருல இருந்து.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சித்திரை, வைகாசியில வந்தா ஏதாவது ஒரு ஊர்ல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்துக்கிட்டு இருக்கும். பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி விடிய விடிய கூத்து. பெரும்பாலும் பதினெட்டு நாள். அர்ஜுனன் தபசு அன்னைக்கு வேஷக்காரர் உயரமான மரத்து மேல ஏறிப் பாடுவார். மேல இருந்து அவர் போடுற எலுமிச்சம்பழத்தைப் புடிக்கக் கீழ பெண்கள் மடி ஏந்தி நிப்பாங்க. கடைசி நாள் காலையில படுகளம். பீமன் கதையால தொடையில அடிப்பான். உள்ள வச்சிருக்கிற செவப்புத் தண்ணி வழியும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாங்க. சாயங்காலம் தீமிதி.

இதை பெங்களூரு நண்பர்கிட்ட சொன்னப்ப அவர் கரகத்தைச் சொன்னார். அதுவும் திரௌபதி விழாதான். சைத்ர பௌர்ணமி ராத்திரி தர்மராயசுவாமி கோயில்ல இருந்து திகளர் சமூகத்து ஆளு பொம்பளை வேஷத்துல கரகத்தைத் தலையில வச்சு ஊர்வலம் போவார். நடுவுல தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போயிட்டு வருவார். நான் அஞ்சு வருஷமா அந்த ஊர்ல வேலை பாக்குறேன், ஒரு தடவை கூட போனதில்ல. அதுக்குத் தனி எபிசோட் போடணும்.

இப்ப எங்க வீட்டுக் கதை. ரோட்டோரம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்துச்சு. ராகியும் துவரையும் போடுவோம். சிப்காட், குடோன்னு ஏரியா மாற மாற, சென்ட் விலை ஏறிச்சு. 2016-ல அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்சாங்க. பெரியப்பாவை நான் பெத்தநானான்னு கூப்பிடுவேன். எல்லாம் சுமுகமா முடிஞ்சுது, ஒண்ணைத் தவிர. பின் நிலத்துக்குப் போற எட்டு அடி வண்டித் தடம். அது யார் பட்டாவுல வருதுன்னு இன்னைக்கு வரைக்கும் கேஸ் நடக்குது. அதோட பேச்சு நின்னு போச்சு.

எங்க வீட்டுல ராஜாஜியோட 'வியாசர் விருந்து' இருக்கு, அப்பாவுக்கு ஸ்கூல்ல பரிசா கொடுத்தது. ராஜாஜி நம்ம ஏரியாக்காரர் தெரியுமா? 1878-ல ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில பிறந்தவர். சின்ன வயசுல அந்தப் புத்தகத்தை சண்டைக்காகப் படிச்சேன். கேஸ் ஆரம்பிச்ச அப்புறம் படிச்சப்ப, அஞ்சு ஊர் கேக்குறதும், ஊசி முனை நிலம் கூட தர மாட்டேன்றதும், சர்வேயர் ரிப்போர்ட் மாதிரியே இருந்துச்சு. அதுல அப்பா தன்னை தர்மர் பக்கம்தான் வச்சுப்பார்னு எனக்குத் தெரியும். பெத்தநானாவும் அப்படித்தான். துரியோதனன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்கல்ல?

ரெண்டு பேருக்கும் அம்மா, எங்க அவ்வா. படுகளத்துக்கு வருஷா வருஷம் துடைப்பத்தோட போவாங்க. நல்லா நாலு அடி போடுவாங்க. அப்புறம் அதே மண் உருவத்தோட தலைமாட்டுல உக்காந்து ஒப்பாரி வைப்பாங்க. காலேஜ் படிக்கிறப்ப எனக்கு இது லாஜிக்கே இல்லாத மாதிரி தோணும். கேட்டேன். "அடிச்சாச்சு, அழ வேணாமாடா?"ன்னாங்க. அவ்ளோதான் பதில்.

வில்லிபாரதம் பத்துப் பருவத்தோட போரை முடிச்சு நிறுத்திடும். வியாசர்ல பதினொண்ணாவதா ஸ்த்ரீ பருவம்னு ஒண்ணு இருக்கு. காந்தாரி களத்துல நடந்து ஒவ்வொரு பிணமா பாத்து அழுற இடம். அதுக்கப்புறம் தர்மர் கௌரவங்களுக்கும் சேர்த்தே ஈமக்கடன் பண்ண வைக்கிறார். ஜெயிச்சவர்தான், ஆனா பங்காளியாச்சே. அவ்வா எந்தப் புத்தகமும் படிச்சதில்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது கூத்து மட்டும்தான்.

போன ஐப்பசியில அவ்வா போயிட்டாங்க. அம்மாவுக்குச் சின்ன மகன் கொள்ளி வைக்கிற வழக்கம், அப்பா வச்சார். பெத்தநானாவும் மொட்டை அடிச்சுக்கிட்டு பின்னாடியே நடந்தார். சுடுகாட்டுக்குப் போற வழி அந்த எட்டு அடித் தடம்தான். அன்னைக்கு அது யாருதுன்னு யாரும் கேக்கல. காரியம் முடிஞ்சதும் சாமியானா வாடகையைப் பாதிப் பாதி பிரிச்சாங்க, அதுவும் என் மூலமா, ஜிபேல. ஏதாவது மாறும்னு நெனச்சேன். அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேரும் தனித்தனி பஸ்ல போனாங்க.

ஆனா ஒண்ணு. தீட்டுன்னு வந்துட்டா கோர்ட் ஆர்டர் எல்லாம் செல்லாது. பேசினாலும் பேசலைன்னாலும் பங்காளி பங்காளிதான். எங்க பக்கம் வழக்கப்படி ஒரு வருஷம் ரெண்டு வீட்டுக்கும் கோயில் காரியம் கிடையாது. அதனால இந்த வைகாசியில கோயில் வரி வசூலுக்கு வந்தவங்க எங்க ரெண்டு வாசலையும் தாண்டிப் போயிட்டாங்க. அப்பாவுக்கு அது ரொம்ப வலிச்சுது. வரி கொடுக்காத வருஷமே அவருக்கு இருந்ததில்ல.

படுகளத்தன்னைக்கு நான் லீவு போட்டு வந்திருந்தேன். களத்துக்குள்ள போகாம, ரோட்டு மேல பைக்கை நிறுத்தி நானும் அப்பாவும் பாத்தோம். கொஞ்சம் தள்ளி இன்னொரு பைக். பெத்தநானா. மூணு பேரும் ஒரே திசையில பாத்துக்கிட்டு நின்னோம். கீழ பெண்கள் அடிக்க ஆரம்பிச்சாங்க. அவ்வா நிக்கிற இடத்துல வேற யாரோ நின்னாங்க.

அப்பா என்கிட்டதான் சொன்னார், கொஞ்சம் சத்தமா: "இந்த வருஷம் மீசையைச் சின்னதா வச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் இருந்து பெத்தநானா, திரும்பாமலே, "ஆமா"ன்னார்.