பத்துப் பேர் கைத்தடி

(கொல்கத்தா பாலிகஞ்சில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னிடம் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். யார் நினைவாக இது நடக்கிறதோ அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லி மேடையில் புகழக் கூடாது. கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மறுநாள் ஏதாவது வேலை இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன். இரண்டாவதைக் கடைசியில் பாருங்கள்.

அம்மையார் பழமொழி கலக்காமல் பேச மாட்டாராம். அதனால் தலைப்பையும் ஒரு பழமொழியிலிருந்துதான் எடுத்தேன். நம்பிக்கை தரும் சொற்களுக்கு இன்றைக்குப் பஞ்சமே இல்லை. விடியுமுன் கைப்பேசியில் நாலு ரோஜாப்பூவும் ஒரு சூரிய உதயமும் ஒரு பொன்மொழியும் வந்து நிற்கின்றன. அனுப்பியவர் யாருக்காக அனுப்பினார் என்பது அவருக்கே தெரியாது. இருநூறு பேருக்குப் போயிருக்கும். பழமொழி அப்படி வராது. ஆள் பார்த்து, நேரம் பார்த்து, சமயத்தில் சுருக்கென்று தைக்கும்படி வரும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று வீட்டில் ஒரு கிழவி சொன்னால், கூடத்தில் இருக்கும் ஒரே ஒருத்திக்குத்தான் அது போய்ச் சேரும். இங்கே வங்காளி வீட்டிலும் அதே ஆட்டம், அதே கோணல்தான்: 'நாச்தே நா ஜான்லே உட்டோன் பாங்கா.' அங்கே கூடம், இங்கே முற்றம். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று நான் தேடப் போவதில்லை. சாக்குச் சொல்லுகிற ஆள் இரண்டு ஊரிலும் உண்டு, அவ்வளவுதான்.

பொன்மொழி நம்மைத் தட்டிக்கொடுக்கிறது. பழமொழி பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையை நம் தலையில் கட்டப் பார்க்கிறது. எனக்கு இரண்டாவது வகைமேல்தான் மதிப்பு. அதற்காக நேர்மறைச் சிந்தனையைக் கேலி செய்ய நான் வரவில்லை. அமெரிக்கப் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952-இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க ஓடியது. 'நம்பு, நடக்கும்' என்பதுதான் அதன் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை தன் வேலை, தன் வீடு, தன் உயர்வு என்று ஒரே ஆளைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

அந்த வட்டத்திலிருந்து தமிழில் வெளியே வந்தவர் எம்.எஸ்.உதயமூர்த்தி. மயிலாடுதுறைப் பக்கம் விளநகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில் நடத்துபவராகவும் இருந்தவர். அவருடைய 'எண்ணங்கள்' நூலைப் படித்துவிட்டு வேலை தேடக் கிளம்பிய இளைஞர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அவர் அதோடு நின்றிருந்தால் நல்ல விற்பனையுள்ள எழுத்தாளர் என்ற பெயரோடு முடிந்திருக்கும். ஊருக்குத் திரும்பினார். 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பாலசந்தரின் 'உன்னால் முடியும் தம்பி' வந்தது. அதில் கமலஹாசனுடைய பாத்திரத்தின் பெயரே உதயமூர்த்தி. படத்தின் பெயர் இன்றைக்குத் தமிழர் வீட்டில் வழக்குச் சொல்லாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பையனிடம் தாத்தா சொல்கிறார். அந்தக் கதாநாயகன் ஊரின் குடிப்பழக்கத்தோடு மல்லுக்கு நின்றான் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். 'உன்னால் முடியும்' என்பது எதைச் செய்ய முடியும் என்பதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சொல்.

இனி கொல்கத்தாவுக்கு வருகிறேன். 1898-இல் இந்த நகரத்தைப் பிளேக் பயம் பிடித்தது. பம்பாயில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சாவு. அரசாங்கம் வலுக்கட்டாயமாக ஊசி போடும், வீட்டுப் பெண்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று வதந்தி. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போது விவேகானந்தர் வங்காளியில் ஒரு துண்டறிக்கை தயாரித்தார். வீரவசனத்தை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பயப்படாதே, மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள் என்கிறது. அடுத்த மூச்சில் வீட்டையும் துணியையும் படுக்கையையும் சாக்கடையையும் சுத்தமாக வை, பழைய ஊசிப்போன பண்டத்தைத் தின்னாதே, வதந்தியைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்கிறது. உற்சாகமான மனதும் சாக்கடையும் ஒரே தாளில்! நான் பார்த்த நேர்மறைச் சிந்தனை நூல்கள் எதிலும் சாக்கடை வந்ததில்லை.

துண்டறிக்கையால் மட்டும் தெரு சுத்தமாகிவிடவில்லை. மறு ஆண்டு, 1899 மார்ச் இறுதியில், ராமகிருஷ்ண மிஷன் பிளேக் நிவாரணக் குழு வேலையைத் தொடங்கியது. செயலாளர் சகோதரி நிவேதிதை; களத்தில் சுவாமி சதானந்தர். வடக்கே பாக்பஜார், ஷியாம்பஜார் பக்கத்துச் சேரிகளில் வண்டி வண்டியாகக் குப்பை அள்ளினார்கள். ஏப்ரலில் கிளாசிக் தியேட்டரில் ஒரு கூட்டம். விவேகானந்தர் தலைமை, நிவேதிதை பேச்சு. கேட்டவர்களில் ஏறத்தாழ பதினைந்து மாணவர்கள்தான் பெயர் கொடுத்தார்கள். அரங்கம் கைதட்டியிருக்கும், துடைப்பம் பிடிக்க வந்தது பதினைந்து பேர். இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப ஆறுதல் தருகிறது. விவேகானந்தரே தலைமை தாங்கிய கூட்டத்துக்கு அதுதான் விளைச்சல் என்றால், நம் கூட்டங்களுக்கு ஒருவர் கிடைத்தாலும் போதும்.

ஆள் போதாத ஒரு நாள் நிவேதிதையே துடைப்பத்தை எடுத்துத் தெருவில் இறங்கினார். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பையன்களுக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த வெள்ளைக்கார அம்மாள் அவர்களிடம் ஒரு பொன்மொழியும் சொல்லவில்லை. சில ஆண்டு கழித்து, காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே வந்த நம் பாரதி இதே அம்மையாரைத்தான் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட ஒரு கேள்வி பாரதியை உலுக்கியதைத் தமிழர்கள் அறிவோம். 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' அவருக்கே காணிக்கையானது. சொல் வேலை செய்கிற முறை இப்படித்தான். தெருவைப் பெருக்கியவர் கேட்டதால் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம்.

தெற்கே, நம் பாலிகஞ்சுக்கு வருவோம். ராஷ்பிஹாரி அவென்யூவில் பாரத் சேவாஸ்ரம் சங்கத்தின் தலைமையிடத்தைக் கடக்காமல் இங்கே யாரும் வந்திருக்க முடியாது. சுவாமி பிரணவானந்தர் 1917-இல் தொடங்கியது. கங்காசாகர் மேளாவுக்குப் போய்க் கூட்டத்தில் காணாமல்போன யாத்திரிகர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொல்வார்கள். ஆனால் துறவிகளால் மட்டும் இந்தப் பேட்டை ஓடவில்லை. பாடாவால் ஓடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: தெருவைவிடக் கொஞ்சம் பெரியது, வார்டைவிடச் சின்னது, அதுதான் பாடா. அதற்கென்று ஒரு கிளப், ஒரு கேரம் போர்டு, ஒரு ரசீதுப் புத்தகம்.

அந்த ரசீதுப் புத்தகத்தை வைத்து ஒரு முழுச் சொற்பொழிவே செய்யலாம். ஆவணி கழிவதற்குள் மூன்று பையன்கள் கதவைத் தட்டுவார்கள். ஒருவன் பேசுவான், ஒருவன் எழுதுவான், மூன்றாமவன் போன வருஷம் நீங்கள் கொடுத்த தொகையை நினைவில் வைத்திருப்பான். நாம் ஐநூறு என்போம், அவன் சிரிப்பான். இந்தத் துர்கா பூஜைச் சந்தாவைத் திட்டாத வங்காளியும் இல்லை, கொடுக்காதவரும் இல்லை. குப்திபாடாவில் பணக்கார வீட்டுப் பூஜையில் வாசலோடு நிறுத்தப்பட்ட பன்னிரண்டு நண்பர்கள் 1790-இல் தாங்களே வசூல் செய்து பூஜை போட்டதில் ஆரம்பித்த வழக்கம் என்பார்கள். 1910-இல் பவானிபூரில் அது சர்வஜனப் பூஜையானது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. யுனெஸ்கோவுக்குக் கலை தெரிந்தது, சரி. எனக்குத் தெரிவது, பூஜைக்காக ஒன்று கூடிய அதே பையன்கள் மற்ற நாளிலும் கூடத் தெரிந்து வைத்திருப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் ஷாமியானா போட்டிருக்கும். மடக்குக் கட்டில்கள், ரத்த வங்கி வேன், ஒலிபெருக்கியில் பழைய ஹேமந்த முகர்ஜி பாட்டு. ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு வாழைப்பழம், ஒரு சந்தேஷ். கூட்டம் சேர்க்க டிபன் பாக்ஸ், கைப்பை என்று பரிசு கொடுக்கும் கிளப்புகளும் உண்டு. ரத்ததான இயக்கத்தின் மூத்தவர்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. பரிசுக்காக வருகிறவர் நோயை மறைக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். அன்று அங்கே நாற்காலி தூக்குகிற பையனின் அம்மா மாடியிலிருந்து என்ன சொல்லித் திட்டுவாள் தெரியுமா? 'கொரேர் கேயே பொனேர் மோஷ் தாடானோ.' வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுக் காட்டு எருமையை விரட்டப் போகிறான். 'ஊர் வேலைக்கு முன்னால் நிற்பான், வீட்டு வேலைக்கு ஆள் அகப்படமாட்டான்' என்று நம் அம்மாக்கள் சொல்வது இதைத்தான். இதைவிட உற்சாகத்தைக் கெடுக்கிற சொல் இருக்க முடியாது. ஆனாலும் கிளப் பையன்கள் அதையே தங்களைப் பற்றிச் சிரித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். வசவைப் பட்டமாக்கிக்கொண்டவனை அதற்குப் பிறகு எதைச் சொல்லித் தடுப்பது?

இன்னொன்று உண்டு: 'தொஷேர் லாட்டி ஏகேர் போஜா.' பத்துப் பேர் கைத்தடி ஒருவனுக்குச் சுமை. ஆளுக்கொரு தடி என்றால் ஊன்றி நடக்கலாம். பத்தையும் ஒருவன் தலையில் ஏற்றினால் முதுகு ஒடியும். நம்மூரில் 'ஊர் கூடித் தேர் இழு' என்பது அழைப்பு. இது எச்சரிக்கை. நம் சங்கங்களில் எல்லாம் நடப்பதைப் பாருங்கள். செயலாளர் ஒருவர் மண்டபம் பிடிக்கிறார், மைக் சொல்கிறார், காபிக்கு ஏற்பாடு செய்கிறார், கடைசியில் நாற்காலியும் அடுக்குகிறார். மூன்று வருஷத்தில் அவர் சோர்ந்து போகிறார். சங்கமே சோர்ந்துவிட்டதாக நாம் பேசிக்கொள்கிறோம். மேடை ஏறினால் எல்லோரும் தாகூரின் 'ஏக்லா சலோ ரே'வைத்தான் எடுக்கிறார்கள். 1905 வங்கப் பிரிவினையின் சூட்டில் பிறந்த பாட்டு, நவகாளியில் காந்திக்குத் துணை நின்ற பாட்டு. குறை சொல்ல நான் யார்? ஆனால் தனியாக நடப்பது அரிய மனிதர்களின் அரிய நாட்களுக்கு உரியது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலைக்குப் பத்துத் தடிப் பழமொழிதான் உதவும்.

பத்துத் தடியும் ஆளுக்கொன்றாகச் சேர்ந்த ஒரு நாளைச் சொல்கிறேன்: 2011 டிசம்பர் 9 விடியற்காலை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தாகுரியாவில், ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை குளிர்சாதனக் குழாய்கள் வழியே மாடிகளுக்கு ஏறியது. முதலில் மோப்பம் பிடித்தவர்கள் பக்கத்துப் பஞ்சானன்தலா பஸ்தியின் குடிசைவாசிகள். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அவர்கள் வந்தார்கள். வாசலில் காவலாளிகள் திருப்பி அனுப்பியதாகப் பிறகு செய்தி வந்தது. போய்விடவில்லை. மூங்கிலும் கயிறும் கொண்டு வந்து, கண்ணாடியை உடைத்து, நடக்க முடியாத நோயாளிகளை இறக்கினார்கள். ஏறத்தாழ 90 பேர் செத்தார்கள். நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மறுபடி உள்ளே போன கேரளத்து இளம் நர்சுகள் இருவரும் அதில் அடக்கம். அந்த பஸ்திக்காரர்கள் அந்த மருத்துவமனையில் படுக்கக் காசில்லாதவர்கள். அன்று அவர்களுக்குக் காட்டு எருமை நிஜமாகவே வந்திருந்தது.

இதையெல்லாம் ஏன் தமிழர் கூட்டத்தில் சொல்கிறேன்? நாம் இங்கே லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் காபித் தூளும் வாங்கி, கர்நாடக இசை கேட்டு, நம் பாட்டுக்கு நன்றாகத்தான் வாழ்கிறோம். பாடாவும் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை, சந்தாவைத் தவிர. ஆனால் ஒரு சமயத்தில் மட்டும் வங்காளி அண்டை வீட்டார் நம் கதவைத் தட்டுவார்கள். 'அடுத்த வாரம் வேலூர் போகிறோம்.' வங்காளத்து நடுத்தரக் குடும்பத்தில் கடினமான நோய் என்றால் அடுத்த சொல் வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே தொடங்கிய சிகிச்சை நிலையம் இன்று எப்படி வளர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காளிப் பலகை தொங்குகிறது, மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கிறது. ஹௌராவிலிருந்து தெற்கே ஓடும் ரயில்கள் அவர்களுக்கு ஆஸ்பத்திரி வண்டிகள். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கியபோது, ராத்திரியோடு ராத்திரியாக உள்ளூர் இளைஞர்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

வேலூருக்குப் போகிற குடும்பம் அங்கே யாரையும் அறியாது. இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது? காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் எப்படிப் பேசுவது? பத்தியச் சாப்பாட்டுக்கு என்ன சொல்வது? சென்னையில் ஸ்கேனுக்கு அனுப்பினால் எங்கே தங்குவது? நம்மில் பாதிப் பேருக்கு வட ஆற்காட்டிலோ சென்னையிலோ தம்பியோ மச்சானோ சிநேகிதரோ இருக்கிறார். அவர் ஒரு தடவை ரயில் நிலையத்துக்கு வந்தால் போதும், ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும். ஒருவர் தலையில் பத்தும் விழக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்: ஆளுக்கு மாதம் ஒரு குடும்பம், அதற்கு மேல் வேண்டாம்.

அறக்கட்டளையின் இந்த ஆண்டு வட்டியில் ஒரு சிறு கைப்பிரதி அச்சிடக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் ஆட்டோவிலும் விடுதியிலும் தேவைப்படும் வாக்கியங்கள் வங்காளி எழுத்தில், தமிழ் உச்சரிப்போடு. 'வலிக்கிறது', 'சர்க்கரை போடாதீங்க', 'மீட்டர் போடுங்க' போன்றவை. கடைசி வாக்கியம் தமிழ்நாட்டில் பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. பெயர் எழுத ஒரு நோட்டு வாசலில், காபி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வந்திருக்கும் வங்காளி நண்பர்களுக்கும் அதில் இடம் உண்டு. எந்த மொழியிலும் எழுதலாம். போன் நம்பரை மட்டும் புரியும்படி எழுதுங்கள்.