விண்ணில் ஊர் அமைப்பார் எவர்?



ஊர் என்பது யாது? நிலமும் நீரும் காற்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் மக்கள் கூடி வாழ்ந்தால் அஃது ஊர். நிலவுலகில் ஊர் அமைத்த எந்த மாந்தனும் காற்றுக்காகக் கவலைப்பட்டவன் அல்லன். அஃது அவனுக்கு முன்பே அங்கே இருந்தது. விண்வெளியில் அமையும் ஊரிலோ காற்றும் செய்பொருள், நீரும் செய்பொருள், பகலும் இரவுங்கூடச் செய்பொருள். உயிர்வளி எவ்வளவு, கரிவளி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று நொடிதோறும் அளந்து, குறையை நிறைத்து, மிகையைக் கழித்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே உயிர் நிலைக்கும். அந்த வேலையை மாந்தன் இரவும் பகலும் கண்விழித்துச் செய்ய இயலாது. கணிப்பொறியே செய்தல் வேண்டும். ஆகவே, விண்ணூரின் கதை கணிப்பொறியின் கதையாகிறது. கணிப்பொறியின் கதையோ, அதனை வாங்கியும் வளர்த்தும் பிறர்க்குத் தடுத்தும் வந்த அரசுகளின் கதையாகிறது.

இம்மூன்றையும் தனித்தனியே பிரித்துவைத்துப் பேசுவோர் இன்று பலர். ஒரு சாரார், "கணிப்பொறி சந்தையில் தானே வளர்ந்தது, அரசுக்கு அதில் வேலையில்லை" என்பர். மற்றொரு சாரார், "விண்ணூர் வெறுங்கனவு, அதற்கு ஒரு காசும் தரலாகாது" என்பர். மூன்றாம் சாரார், "செல்வர் தம் பணத்தில் போய்க் குடியேறட்டும்; அரசு குறுக்கே நிற்கவேண்டா" என்பர். இம்மூன்று கூற்றுகளையும் வரலாற்று உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சந்தையா வளர்த்தது?

1961 மே 25-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, அப்பத்தாண்டு முடிவதற்குள் மாந்தனை நிலவில் இறக்கித் திரும்பக் கொணர்வதென்று அந்நாட்டுப் பேராயத்தின் முன் அறிவித்தார். அதே ஆண்டு ஆகத்துத் திங்களில், அப்பல்லோ திட்டத்தின் முதற்பெரும் பணி ஒப்படைக்கப்பட்டது. அஃது ஏவூர்தி செய்யும் பணி என்று பலர் எண்ணக்கூடும், அன்று. மாசச்சூசெட்டுசுத் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகத்துக்கு ஒப்படைக்கப்பட்ட வழிகாட்டும் கருவித்தொகுதியே அது. அதன் உள்ளம் ஒரு கணிப்பொறி.

அக்காலத்துக் கணிப்பொறிகள் அறையை அடைத்துக்கொண்டு நின்றவை. கலத்துக்குள் வைக்கத்தக்க சிறு கணிப்பொறி வேண்டுமானால், பல மின்னுறுப்புகளை ஒரே சிலிக்கன் துண்டில் அமைக்கும் தொகுப்புச் சுற்று வேண்டும். அஃது அப்பொழுதுதான் தோன்றிய பொருள், விலை மிகுதி, நம்பகம் ஐயத்துக்குரியது. 1962-இல் ஒரு சுற்றின் நடுத்தர விலை ஏறத்தாழ 50 தாலர். எந்த வணிகன் அதை வாங்குவான்? அரசு வாங்கிற்று. 1963-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட தொகுப்புச் சுற்றுகளில் ஐந்தில் மூன்று பங்கை அப்பல்லோக் கணிப்பொறிப் பணியே கொண்டது என்று அத்துறை வரலாறு கூறும். அதன் பின்னர் மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும் பேரளவில் வாங்கிற்று. 1968-இல் அதே சுற்றின் நடுத்தர விலை இரண்டரைத் தாலருக்கும் கீழே இறங்கியது. சந்தை வந்தது பின்னர். வழி வெட்டியது மக்களின் வரிப்பணம்.

அந்தக் கணிப்பொறியின் எடை ஏறத்தாழ 32 கிலோ. அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள். அழியா நினைவகம் 36,864 சொற்கள். அழியா நினைவகம் உண்மையாகவே நெய்யப்பட்டது. வால்த்தம் நகரின் ஆலையில் பெண்டிர் அமர்ந்து, சிறு காந்த வளையங்களின் உள்ளே கம்பியைச் செலுத்தினால் ஒன்று, வெளியே செலுத்தினால் சுழி என்று, கட்டளைகளைக் கம்பியாலேயே நெய்தனர். நெசவு அறிந்த தமிழ் மக்களுக்கு அவ்வேலையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் இழை தவறினால் கலம் தவறும்.

1969 சூலை 20-ஆம் நாள் கலம் நிலவில் இறங்குங்கால் எச்சரிக்கை எண் 1202 ஒளிர்ந்தது. தேவையற்ற வேளையில் ஓர் இராடார் கருவி கணிப்பொறியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கணிப்பொறியோ மயங்கி நிற்கவில்லை. எது முதன்மை, எது பின்னர்ச் செய்யத்தக்கது என்று வகுத்து எழுதப்பட்டிருந்த நெறிப்படி, சிறு வேலைகளை உதறிவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் விடாது நடத்திற்று. விண்ணூருக்கு வேண்டிய கணிப்பொறியின் இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது: விரைவு பெரிதன்று, கைவிடாமையே பெரிது.

ஒரு காசும் தரலாகாதா?

இனி இரண்டாம் கூற்று. பிரின்சுடன் பல்கலைக்கழக இயற்பியற் பேராசிரியர் செரார்டு ஓநீல், 1974 செப்டம்பரில் விண்வெளிக் குடியேற்றம் பற்றிய கட்டுரையொன்றை இயற்பியல் இதழில் வெளியிட்டார். நிலவிலிருந்து மண்ணும் கனிமமும் எடுத்து, வெட்டவெளியில் சுழலும் ஊர்களைக் கட்டி, அங்கிருந்து கதிரவன் ஆற்றலைத் திரட்டி நிலவுலகுக்கு அனுப்பலாம் என்பது அவர்தம் திட்டம். 1975 கோடையில் நாசாவின் ஏமிசு ஆய்வு நடுவத்திலும் இசுடான்போர்டிலும் அறிஞர் கூடி ஆராய்ந்தனர். 10,000 மக்கள் வாழும் வளைய வடிவ ஊர். குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், நிமையத்துக்கு ஒருமுறை சுழன்று எடையுணர்வைத் தருவது, கதிர்வீச்சைத் தடுக்க ஏறத்தாழ ஒரு கோடி தன் எடையுள்ள நிலவு மண் கவசம். எல்லாவற்றையும் கணக்கிட்டு எழுதினர்.

1977-இல் மேலவை உறுப்பினர் வில்லியம் புராக்சுமையர், இதற்கு ஒரு காசும் தரலாகாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். திட்டம் ஏட்டளவில் நின்றது. அவர்தம் எதிர்ப்பில் முறையில்லை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்தவன் இருக்க வானத்தில் வீடு கட்டுவதா என்னும் வினா அறத்தின் வினா. ஆயினும், அரசு கைவிட்டதனால் அவ்வெண்ணம் அழிந்ததா? இல்லை; கைமாறியது. பொதுமக்கள் அவையில் அலசப்பட்ட எண்ணம், அரை நூற்றாண்டு கழித்துப் பெருஞ்செல்வர் சிலரின் வணிகத் திட்டமாக வளர்ந்து நிற்கிறது. அரசு விலகிய இடம் வெற்றிடமாக இராது. அங்கே வேறொருவன் வந்து அமர்வான். இதனையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

கதிரும் சில்லும்

செல்வர் செய்யட்டும் என்னும் மூன்றாம் கூற்றுக்கு, முதலில் கணிப்பொறியே மறுமொழி சொல்லும். விண்வெளியின் ஆற்றல் மிக்க துகளொன்று சிலிக்கனை ஊடுருவினால், ஒன்று சுழியாகும், சுழி ஒன்றாகும், சில வேளை உறுப்பே எரிந்துபோகும். வீட்டில் கணிப்பொறி நின்றால் திரும்ப முடுக்கலாம். மூச்சுக்காற்றைக் காக்கும் கணிப்பொறி நின்றால்?

ஆகவேதான் 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும், 2021-இல் இறங்கிய பெர்சிவரன்சு ஊர்தியும், 1997-இல் வெளிவந்த செயலி ஒன்றின் கதிர்தாங்கும் வடிவத்தைச் சுமந்து சென்றன. அதன் விரைவு நொடிக்கு 20 கோடித் துடிப்பு. இன்று பையில் கிடக்கும் தொலைபேசியின் விரைவில் சிறு பங்கே. கியூரியாசிட்டியில் ஒன்றுபோல் இரு கணிப்பொறிகள் உள்ளன. 2013 பிப்ரவரியில் ஒன்றின் நினைவகம் பழுதுபட, மற்றொன்று பொறுப்பேற்றது.

1977-இல் ஏவப்பட்ட வாயேசர் 1 கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கிற்று. ஒரே ஒரு நினைவகச் சில்லு கெட்டிருந்தது. 2,400 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு செய்தி போய்ச் சேர இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் தொலைவில், அறிஞர்கள் கட்டளைகளைப் பிரித்து வேறிடங்களில் அமர்த்தி, 2024 ஏப்பிரலில் கலத்தைப் பேசவைத்தனர். காத்திருக்க அங்கே உயிரில்லை. ஆதலின் காத்திருக்க முடிந்தது. செவ்வாயில் மக்கள் இருப்பின் நிலைமை வேறு. அங்கிருந்து ஒரு சொல் வந்துசேர மூன்று நிமையம் முதல் இருபத்திரண்டு நிமையம் வரை ஆகும். உதவி கேட்டு விடை பெறுமுன் உயிர் போய்விடும்.

மறுப்பாரும் உண்டு. பெர்சிவரன்சு கொண்டு சென்ற இன்சென்யூட்டி என்னும் சிறு பறவூர்தி, சந்தைத் தொலைபேசிச் செயலியாலேயே இயங்கிற்று. ஐந்து முறை பறந்தால் போதும் என்று விடப்பட்டது, 2021 ஏப்பிரல் முதல் 2024 சனவரி வரை 72 முறை பறந்தது. ஆகவே விலை குறைந்த சில்லே போதும் என்பர் அவர். அஃது உண்மையில் ஒரு பங்கு. தவறினால் ஒரு பொறியே இழப்பாகும் இடத்தில் அது போதும்; தவறினால் குழந்தை மூச்சுத் திணறும் இடத்தில் அது போதாது. இதை உணர்ந்தே 2022-இல் நாசா, புதிய விண்வெளிச் செயலி ஒன்றை உருவாக்க 5 கோடித் தாலர் அளவுக்குப் பணி வழங்கிற்று. சந்தைக்கு ஆண்டுதோறும் கோடிக் கணக்கில் சில்லுகள் வேண்டும். விண்வெளிக்கோ சில நூறு போதும். சில நூறுக்காக எந்த வணிகன் ஆலை நடத்துவான்? மறுபடியும் அரசே வாங்குவோனாக நிற்கிறது.

மறுக்கப்பட்ட கருவி

சில்லு செய்வது எளிய தொழில் அன்று. உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பங்கு தைவான் தீவில் ஆகின்றன. அவற்றைப் பொறிக்கும் மீப்புற ஊதாக் கதிர்க் கருவியைச் செய்வது நெதர்லாந்து நாட்டின் ஒரே நிறுவனம். அமெரிக்கா 2022 ஆகத்தில் சில்லுத் தொழிலுக்கென ஏறத்தாழ 5,270 கோடித் தாலரை ஒதுக்கிச் சட்டம் செய்தது; அதே ஆண்டு அக்டோபரில் உயர்சில்லுகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனத்துக்குப் போகாமல் தடுத்தது. நிலவுலகிலேயே ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குச் சில்லைத் தடுக்கும்பொழுது, செவ்வாயில் அமர்ந்த ஊர் எவரை நம்பி வாழும்? ஏவூர்தி வாங்கிப் போய்ச் சேரலாம். ஆண்டுதோறும் கெடும் சில்லுக்கு மாற்றுச் சில்லை அங்கே எவன் செய்வான்? அதனை அனுப்புவோன் எவனோ அவனே அவ்வூரின் அரசன்.

இந்த உண்மையை இந்தியாவும் பட்டறிந்தது. 1980-களில் கேட்ட திறனுடைய பெருங்கணிப்பொறியைத் தர அமெரிக்கா மறுத்தது. 1988-இல் தனி நடுவம் நிறுவப்பட்டு, 1991-இல் பரம் 8000 உருவாயிற்று. ஆனால் பெருமையோடு குறையையும் கூறுதல் வேண்டும்: அதனுள் இருந்த செயலிச் சில்லுகள் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. மொகாலியில் இருந்த அரசின் சில்லு ஆலை 1989-இல் தீக்கிரையாயிற்று. அந்த இழப்பு நாட்டைப் பல்லாண்டு பின்தள்ளியது. அதே மொகாலியில், ஏவூர்திக்கென்று செய்யப்பட்ட 32 துகள் விக்கிரம் செயலி 2025-இல் வெளிவந்தது. கையளவுச் சில்லும் இல்லாத நாளில் கெஞ்சி நின்ற நாடு, தாமதமாகவேனும் தன் கையை நம்பத் தொடங்கிற்று.

வானம் எவருடையது?

1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, நிலவையும் பிற கோள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளலாகாது என்கிறது. தனியார் செயலுக்கும் அவரவர் நாட்டரசே பொறுப்பு என்றும் விதிக்கிறது. 1979-இன் நிலவு உடன்படிக்கை அவ்விடத்து வளங்களை மாந்த இனத்தின் பொதுச்செல்வம் என்றது. ஆனால் அமெரிக்காவும் உருசியாவும் சீனமும் அதில் சேரவில்லை. இந்தியா 1982-இல் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. 2015-இல் அமெரிக்காவும் 2017-இல் இலக்சம்பர்க்கும், விண்வெளியில் எடுக்கும் வளம் எடுத்தவனுக்கே உரியது என்று சட்டம் செய்தன. நிலம் எவனுக்கும் இல்லை. நிலத்தின் விளைவோ எடுத்தவனுக்கு! இதன் உட்பொருளை உழவர் குடிக்கு விளக்க வேண்டா.

இசுடார்லிங்கு என்னும் இணையத் தொடர்பு நிறுவனம் 2020-இல் தன் வாடிக்கையாளர்க்குத் தந்த கட்டுறுத்தங்களில், செவ்வாயை விடுதலைக் கோளாகக் கொள்வதாகவும், அங்கே நிலவுலக அரசு எதற்கும் ஆட்சியுரிமை இல்லை என்றும் எழுதியிருந்தது. விடுதலை என்னும் சொல் இனியது. ஆனால் எவர்க்கு விடுதலை? வீடு நிறுவனத்தின் வீடு. காற்று நிறுவனத்தின் காற்று. அதை அளக்கும் கணிப்பொறியும் நிறுவனத்தினது. அவ்வூரில் கூலி உயர்வு கேட்டுக் கதவைத் திறந்து வெளியேறத் தொழிலாளிக்கு வழி உண்டா? வெளியே மூச்சு இல்லை.

கேட்க வேண்டியவை

அன்பர்களே! விண்ணூர் வேண்டுமா, வேண்டாவா என்பது முதல் வினா அன்று. அமையுமாயின் எந்நெறியில் அமையும் என்பதே முதல் வினா. மக்கள் பணத்தால் வளர்ந்த கணிப்பொறி அறிவு மக்களுக்கே திறந்திருத்தல் வேண்டும். காற்றையும் நீரையும் காக்கும் கணிப்பொறியின் கட்டளைகள், அங்கே வாழ்வோர் பார்க்கவும் திருத்தவும் கூடியனவாக இருத்தல் வேண்டும். மூச்சுக்காற்று விலைப்பொருளாகாது என்பதை, முதல் ஊர் எழுவதற்கு முன்னரே நாடுகள் கூடிச் சட்டமாக்குதல் வேண்டும். ஊர் எழுந்தபின் எழுதும் சட்டத்தை ஊருக்குடையவனே எழுதுவான்.

இவற்றைக் கேட்கும் தகுதி, கருவி செய்யத் தெரிந்த மக்களுக்கே உண்டு. பிறன் செய்த கருவியை வாங்கிப் பழகிய கை, பிறன் எழுதிய சட்டத்துக்கும் எளிதில் பணிந்துவிடும். பள்ளியில் பயிலும் தமிழ்ப்பிள்ளை கணிப்பொறியை இயக்கக் கற்றால் போதாது. அதன் உள்ளிருக்கும் சில்லு எவ்வாறு ஆகிறது என்பதைத் தன் மொழியில் கற்று, தன் கையால் செய்யும் நாள் வரவேண்டும். அந்நாளை விரைவில் வரவழைப்பது கற்றோர் கடமை. அதற்கு வழிவிடுவது அரசின் கடமை.