மேசைக்கு எதிரே நிற்பவர்



1895 ஆகஸ்டில் வாங் கிம் ஆர்க் என்ற இளம் சமையல்காரர் சீனாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலில் திரும்பினார். அவர் பிறந்த ஊரே அதுதான். வெள்ளையர்கள் சாட்சிக் கையெழுத்திட்ட பிறப்பு ஆவணமும் அவரிடம் இருந்தது. ஆனாலும் சுங்க அதிகாரி கரையிறங்க விடவில்லை. பல மாதங்கள் துறைமுகத்துக் கப்பல்களிலேயே அடைந்து கிடந்தார்.

அவரைத் தடுத்த சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கலிபோர்னிய மலைகளைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். பாதை 1869இல் முடிந்தது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்து, சீனத் தொழிலாளர் நுழைவதைப் பத்தாண்டுக்குத் தடுத்தது. அந்தத் தடை நீண்டுகொண்டே போய் 1943இல்தான் நீங்கியது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். 1892இன் சட்டம் இன்னும் கடுமை. வசிப்பிடச் சான்றிதழ் இல்லாத சீனத் தொழிலாளி நாடு கடத்தப்படாமல் தப்ப, ஒரு வெள்ளைக்காரராவது சாட்சி சொல்ல வேண்டும். சக சீனர்கள் எத்தனை பேர் வந்து சொன்னாலும் எடுபடாது.

1910 முதல் 1940 வரை, வந்திறங்கிய சீனர்களிடம் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் விசாரணை நடந்தது. வீட்டுக்கு எத்தனை படிகள்? அரிசிப் பானை எங்கே இருக்கும்? தகப்பனையும் மகனையும் தனித்தனியே கேட்பார்கள்; பதில் பிசகினால் திரும்ப வேண்டியதுதான். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்ததைப் பயன்படுத்தி, பொய்யாக அமெரிக்கக் குடிமகனின் மகன் என்று சொல்லி வந்தவர்களும் உண்டு. நேர்வழி அடைபட்டவர்கள் தேடிக்கொண்ட சந்து அது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்கள் படித்தவர்கள். சட்டம் சொன்னபடி கோப்புகளை நிரப்பியவர்கள். அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

வாங் கிம் ஆர்க்குக்காக வாதாடியவர்களும் படித்தவர்களே. விலக்குச் சட்டங்கள் செல்லும் என்று 1889இலும் 1893இலும் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றத்தின் முன்பு மீண்டும் போய் நின்றார்கள். 1898 மார்ச் 28 அன்று, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்: அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன்.

சட்டப் பட்டதாரிகளே, உங்களில் பலர் வழக்கறிஞர்கள் ஆவீர்கள். சிலர் குடியேற்றப் பிரிவிலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோ அதிகாரியாக அமர்வீர்கள். ஆவணம் இல்லாத ஒருவர் எதிரே வந்து நிற்பார். அவரை உட்காரச் சொல்லுங்கள், முழுதும் கேளுங்கள். மறுக்க வேண்டி வந்தால், காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள்.