பொருநைக் கரையின் கோயில்களும் கல்லறைகளும்



பாளையங்கோட்டைக்குப் புதிதாக வருகிறவருக்கு நாம் முதலில் காட்டுவது ஊசிக்கோபுரம். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய தூய திரித்துவ ஆலயம் அது. 1838இல் இதே ஊரில் இறந்த அவரை அடைக்கலாபுரத்தில் அடக்கம் செய்தார்கள். கோபுரத்தை அறிந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறைக்குப் போயிருப்பார்கள்? கட்டடத்தைப் போற்றும் நாம் கல்லறையைக் கைவிட்டுவிட்டோம் என்பதே என் மனக்குறை.

இறந்தவர்களுக்கு இடம் ஒதுக்குவது பொருநை என்னும் தாமிரபரணியின் கரைக்குப் புதிதல்ல. பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். நெல் விளையும் மண்ணை விட்டுவிட்டு, ஏர் இறங்காத சரளை மேட்டைத் தேர்ந்து, பாறையைக் குடைந்து தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன.

கோயில் ஊருக்கு நடுவில், இடுகாடு ஊருக்கு வெளியே என்பது நம் முறை. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கோயிலைச் சுற்றியே புதைத்தார்கள். செல்வாக்குள்ளவர்களுக்குக் கோயில் தளத்துக்கு அடியிலேயே இடம் கிடைத்தது. இடம் நிரம்பி நாறியபோது, பாரிஸ் நகரத்தார் இன்னொசான் இடுகாட்டை 1780இல் மூடினார்கள். 1786 முதல் எலும்புகளைப் பழைய கற்சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் இன்றும் கல்லறை பெரும்பாலும் குத்தகைதான். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் அதே குழி இன்னொருவருக்குப் போகும். ஆனால் அங்கே பங்குப் பதிவேடுகள் இருக்கின்றன. கல் போனாலும் பெயரைத் தேடிப் பிடிக்கலாம். கோயிலுக்குள்ளேயே புதைக்கும் ஐரோப்பிய வழக்கம் நம் பக்கமும் வந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்த பிஷப் கால்டுவெல்லை, இடையன்குடியில் அவரே கட்டிய ஆலயத்தின் பலிபீடத்துக்கு அடியில்தான் அடக்கம் செய்தார்கள்.

குளோரிந்தா அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பிராமண விதவை அவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் 1785இல் அவர் கட்டி முடித்த சிறு ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். அதற்கு முன், 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் அவரோடு சேர்த்து 40 பெயர்கள் இருந்தன. அம்மையாரை நினைக்க ஒரு கோயில் நிற்கிறது. மற்ற 39 பேருக்கு அந்தத் தாளை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆகவேதான் கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் உள்ள தமிழ்க் கற்களைப் பெரிதாக நினைக்கிறேன். உபதேசியார், வாத்தியார், அவர் வீட்டம்மாள். பிறந்த ஊர், ஊழியம் செய்த ஊர், கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி. ஒரே மாதத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் போயிருந்தால், கொள்ளைநோய் ஏதோ வந்துபோனதை அந்தக் கற்களே சொல்லிவிடும். இந்த மனிதர்களின் சரித்திரம் வேறு எங்கே எழுதியிருக்கிறது?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் ஏறும் சுண்ணாம்பு வெட்டெழுத்தின் பள்ளத்தை மூடிவிடுகிறது. விரலால் தடவினால் ‘ஞா’ மட்டும் தட்டுப்படும்; ஞானமுத்தா, ஞானசிகாமணியா என்பது பிடிபடாது.

1905இல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து நூலாக்கினார். அதில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பியர் கல்லறைகள். நம் தமிழ்க் கற்களுக்கும் அப்படியொரு நூல் வேண்டும். சபை வாலிபர்களால் இது முடியும். சாய்வெயிலில் எழுத்து எடுப்பாகத் தெரியும். படம் எடுக்க அதுவே நேரம். ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புக் காரைக் கட்டுமானத்தின்மேல் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று செங்கல் பொரிந்துவிடும். டைல்ஸ் ஒட்டிப் புதுப்பிக்கும் குடும்பத்தார் பழைய கல்லை உடைக்காமல் மதிலில் பதித்து வைக்கட்டும். படித்தெடுத்த வாசகத்தை அடக்கப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, ஒரு படியைச் சபையிலும் இன்னொன்றைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் வையுங்கள். தாது வருஷப் பஞ்சம் வந்த 1876க்கு முந்திய கற்களை முதலில் எடுங்கள். இன்னும் எத்தனை ஐப்பசி மழையை அவை தாங்கும் என்று சொல்ல முடியாது.