திறந்த கதவின் முன்னே



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை நேரம். நாகப்பட்டினத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார். முன்னொரு காலத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். நிலத் தகராறு ஒன்று கைகலப்பாகி, கைகலப்பு கொலையில் முடிந்து, பல ஆண்டுகள் மத்திய சிறையொன்றில் இருந்துவிட்டு விடுதலையாகி வந்திருந்தார். "உள்ளே வாப்பா" என்றேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அவர் படியேறி வந்து கதவின் முன்னே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்துபோய்த் திறந்த பின்னரே உள்ளே வந்தார்.

மரியாதைக்காக நின்றார் என்று எண்ணினேன். அவரோ வெட்கத்துடன் சொன்னார்: "கதவைத் தொடுற பழக்கமே விட்டுப்போச்சு, வாத்தியாரய்யா. யாராவது வந்து திறப்பாங்கன்னு கால் தானா நின்னுடுது."

சிறையின் மனோதத்துவத்தைப் பற்றி நான் படித்த நூல்கள் சில உண்டு. அவை எல்லாவற்றையும்விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்பித்தது. கிரெஷாம் சைக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர், நியூ ஜெர்சி மாநிலச் சிறையொன்றை ஆராய்ந்து 1958-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சிறைவாசி இழப்பவை ஐந்து என்கிறார் அவர்: நடமாடும் சுதந்திரம், பொருள் வசதி, இல்லற உறவு, தன் விருப்பப்படி நடக்கும் உரிமை, உயிர்ப் பாதுகாப்பு. இவற்றில் நான்காவது இழப்பை நாம் பொருட்படுத்துவதே இல்லை. காலையில் எந்தச் சட்டையை அணிவது, கடைத்தெருவுக்கு நடந்து போவதா பேருந்தில் போவதா, விளக்கை எப்போது அணைப்பது என்று நாளெல்லாம் சின்னஞ்சிறு தீர்மானங்களைச் செய்துகொண்டே இருக்கிறோம். கைதிக்கு அவை ஒன்றுமில்லை. மணி அடித்தால் எழவேண்டும். மணி அடித்தால் உண்ணவேண்டும். இறைக்கிற கிணறுதானே ஊறும்? பல ஆண்டுகள் தீர்மானமே செய்யாத மனிதனை ஒருநாள் காலையில் வாயிலுக்கு வெளியே நிறுத்தி, "இனி எங்கே இருப்பாய், எப்படிப் பிழைப்பாய் என்பதையெல்லாம் நீயே முடிவு செய்துகொள்" என்கிறோம்.

இவர் சிறையில் தறி நெய்யக் கற்றிருந்தார். கற்பித்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவருடைய கிராமத்தில் தறி ஏது? நெல் வயல்தான் உண்டு. அந்த வயலிலும் இவர் இல்லாத காலத்தில் அறுவடை இயந்திரம் புகுந்துவிட்டது. பத்துப்பேர் அரிவாளுடன் இறங்கிய இடத்தை இயந்திரம் ஒரு பொழுதில் அறுத்து முடிப்பதை வரப்பில் நின்று பார்த்ததாகச் சொன்னார். கைத்தொழில் இருந்தது, ஊரில் அதற்கு இடமில்லை. ஊர்த்தொழில் தெரியும், அதில் ஆளுக்கு வேலையில்லை.

நம் பகுதி சிறையை அறியாத பகுதி அன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து வேதாரணியத்தில் உப்பெடுத்தார். அவரும் தொண்டர்களும் சிறை சென்றார்கள். சிறைத் துன்பம் அவர்களுக்கும் துன்பந்தான். ஆனால் உள்ளே இருந்த நாளெல்லாம், வெளியே தங்களுக்கு மதிப்பான ஓர் இடம் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தண்டனைக் கைதிகளுக்கு அந்த ஒன்றுதான் இல்லை.

அப்படி மதிப்பு மிக்கவர்களுக்குங்கூட எல்லாரும் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் தண்டிக்கப்பட்டு, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. குடும்பத்துடன் வறுமையில் வாடினார். பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத வ. உ. சி., தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தொழிலைத் திருப்பித் தருவது ஒரு மனிதனுக்கு எத்தனை பெரிய காரியம் என்பதற்கு இந்தப் பெயரே எனக்குப் போதும்.

'பல்லாண்டு வாழ்க' என்ற திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம், 1975-இல் வந்தது. கொடிய கைதிகளைச் சிறை அதிகாரி ஒருவர் வெளியே அழைத்துச் சென்று உழவர்களாக்கும் கதை. இது வெறும் கற்பனையன்று. ராஜஸ்தானத்தில் சங்கானேர் என்ற இடத்தில் 1963 முதல் ஒரு திறந்தவெளி முகாம் நடக்கிறது. கைதிகள் மனைவி மக்களோடு வசிக்கிறார்கள். காலையில் வெளியே சென்று உழைத்துத் தம் குடும்பத்தைத் தாமே காப்பாற்றுகிறார்கள். மாலையில் திரும்பிவந்து ஆஜராகிறார்கள். நம் மாநிலத்திலும் சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறையும் பண்ணையும் உண்டு. ஆயிரம் அறவுரைகளைவிட, அரிசி வாங்க எவ்வளவு, பிள்ளையின் நோட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவைப்பதே நல்ல வைத்தியம் என்பது என் துணிபு. திறக்கவேண்டிய கதவை அவனே திறக்கிறான் அல்லவா?

கொலையுண்டவரின் வீட்டாரை மறந்து பேசுவதாக என்மேல் குறை வரலாம். அவர்களையும் நான் அறிவேன். அந்தப் பெண்மணி இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் போய் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அவருக்கு வரவேண்டிய ஆறுதலை, இன்னொரு குடும்பத்தின் பட்டினி தந்துவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் பேசுகிற நான் அன்று என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கொஞ்சம் நிலமும், களத்தில் ஒரு கொட்டகையும் உண்டு. அறுவடைக் காலத்தில் அங்கே காவல் இருக்க அனுமதிப்பீர்களா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையின் சாவியைக் கொடுக்கவேண்டும். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். "பார்க்கலாம்" என்றேன். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும். ஆகட்டும் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

தை பிறந்ததும், திருப்பூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ள மறுபடி வந்தார். "இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று அங்கே கேட்பார்களே, என்ன சொல்வாய்?" என்றேன்.

"சிங்கப்பூர்ல இருந்தேன்னு சொல்லிக்கிறேன், வாத்தியாரய்யா" என்றார்.